நெட்பேக்கப்போடு வரும் ஆரக்கிள் ஸ்கிரிப்ட்: அப்படியே ஓட்டலாமா?

நெட்பேக்கப் என்ற பேக்கப் மென்பொருளின் ஆரக்கிள் ஏஜென்ட்டை (ஆரக்கிள் டேட்டாபேஸை அதோடு இணைக்கும் பகுதி) ஒரு டேட்டாபேஸ் சர்வரில் ஏற்றினால் கூடவே சில மாதிரி ஸ்கிரிப்ட்டுகள் வந்து உட்காரும். அவற்றில் அதிகம் புழங்குவது ‘ஹாட் டேட்டாபேஸ் பேக்கப்’ என்ற ஷெல் ஸ்கிரிப்ட். ஆரக்கிள் ஹோம் (ஆரக்கிள் நிறுவப்பட்ட டைரக்டரி), எஸ்ஐடி (டேட்டாபேஸ் இன்ஸ்டன்ஸின் பெயர்), யூசர் பெயர் மூன்றையும் மாற்றி, பாலிசியில் (எதை, எப்போது எடுப்பது என்ற நெட்பேக்கப் அமைப்பில்) அதன் பாதையைக் கொடுத்தால் அன்றிரவே முதல் ஃபுல் பேக்கப் ஓடிவிடும். பத்து நிமிட வேலை. அதோடு விட்டுவிட்டால் என்னென்ன ஆகும் என்பதற்குத்தான் இந்த மதிப்புரையில் அதிக இடம் போகிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மென்பொருள் உறுதியானது, ஸ்கிரிப்ட்டின் எலும்புக்கூடும் சரியானது. ஆனால் ஒரே பேக்கப்புக்கு இங்கே இரண்டு எஜமானர்கள். டேட்டாபேஸின் எந்த பிளாக்கை (கோப்பின் சிறு அலகை) எடுப்பது என்று முடிவு செய்வது ஆரக்கிளின் சொந்த பேக்கப் கருவியான ஆர்மேன். எத்தனை நாள் வைத்திருப்பது, எப்போது ஓட்டுவது என்று முடிவு செய்வது நெட்பேக்கப். இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. பேச வைக்கிற நாலைந்து வரிகள் மாதிரி ஸ்கிரிப்ட்டில் கிடையாது, நீங்கள்தான் எழுத வேண்டும்.

(மாறிகள், கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழில் ஒலிபெயர்த்து எழுதியிருக்கிறது. ஸ்கிரிப்ட்டில் மாறிகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு இருக்கும். விவரங்கள் யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களுக்கானவை.)

மென்பொருள் ஏறும் இடம் ‘யூஎஸ்ஆர்’ டைரக்டரிக்குள் ‘ஓபன்வி’. நெட்பேக்கப்பைப் பின்னர் வெளியிட்ட வெரிடாஸோடு 1997-இல் இணைந்த ஓபன்விஷன் நிறுவனத்தின் பெயர் அது. 2005-இல் வெரிடாஸை சிமான்டெக் வாங்கியது, 2016-இல் வெரிடாஸ் மறுபடி தனியானது, 2024 டிசம்பரில் நெட்பேக்கப் தொழில் கோஹெசிட்டியோடு சேர்ந்தது. பலகை இத்தனை முறை மாறியும் டைரக்டரியின் பெயர் மாறவில்லை. இருபது வருடப் பழைய ஸ்கிரிப்ட் இன்றும் ஓடுகிறதென்றால் இந்தப் பிடிவாதமும் ஒரு காரணம். பழைய ஸ்கிரிப்ட்டின் பழைய தவறுகளும் கூடவே ஓடுகின்றன என்பது வேறு கதை.

இணைப்பு

ஆர்மேனுக்கு டேப் என்றால் என்னவென்று தெரியாது. ‘எஸ்பிடி’ என்ற வகையில் ஒரு சேனலை (தரவு போகும் வழியை) திறந்து, அதன் பின்னால் இருக்கும் மீடியா லைப்ரரியிடம் தரவைத் தள்ளும், அவ்வளவுதான். நெட்பேக்கப் தரும் அந்த லைப்ரரி ‘லிப்ஓபிகே’. ஏஜென்ட்டோடு வரும் ‘ஆரக்கிள் லிங்க்’ ஸ்கிரிப்ட்டை ஆரக்கிள் யூசராக ஓட்டினால், ஆரக்கிள் ஹோமின் லிப் டைரக்டரியில் அதற்கு ஒரு சிம்லிங்க் (வேறிடத்துக் கோப்பைச் சுட்டும் இணைப்பு) போட்டுவிடும். ஒரே சர்வரில் மூன்று ஆரக்கிள் ஹோம் இருந்தால் மூன்று முறை ஓட்ட வேண்டும். ஆரக்கிளைப் புது ஹோமுக்கு அப்கிரேட் செய்த மறுநாள் காலை ஓரா-27211 பிழை வந்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான். லைப்ரரியை ஏற்ற முடியவில்லை என்று அர்த்தம். சிம்லிங்க்கை நம்பாமல், சேனல் திறக்கும் வரியிலேயே எஸ்பிடி லைப்ரரியின் முழுப் பாதையை அளவுருவாகக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை ஒரேயடியாகத் தீரும்.

ஸ்கிரிப்ட்டை வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். புதிய பதிப்புகள் கண்ட இடத்தில் இருக்கும் ஸ்கிரிப்ட்டை ஓட்டாது. அனுமதிக்கப்பட்ட இடம் இயல்பாக ‘எக்ஸ்ட்’ டைரக்டரிக்குள் உள்ள ‘டிபி எக்ஸ்ட்’. வேறெங்காவது வைக்க வேண்டுமென்றால் டிபி ஸ்கிரிப்ட் பாத் என்ற அமைப்பில் அந்த இடத்தைச் சேர்க்க வேண்டும். சாம்பிள்ஸ் டைரக்டரியில் இருப்பதை அங்கேயே திருத்தாமல் வேறு பெயரில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த அப்கிரேடில் உங்கள் திருத்தம் மிஞ்ச வேண்டுமே. ஓட்டும் அனுமதி போட மறந்தால் நெட்பேக்கப்பில் ஸ்டேட்டஸ் 29 (கட்டளையை ஓட்ட முடியவில்லை) வரும்.

ஃபுல்லா இன்க்ரிமென்டலா, யார் சொல்வது?

ஸ்கிரிப்ட்டின் இதயம் நாலு படி ஏணி ஒன்று. பாலிசியில் ஃபுல் ஷெட்யூல் (பேக்கப்பின் வகையையும் நேரத்தையும் குறிக்கும் அமைப்பு) ஓடினால் நெட்பேக்கப் ‘என்பி ஓரா ஃபுல்’ என்ற மாறியில் 1 வைத்து ஸ்கிரிப்ட்டைக் கூப்பிடும். டிஃபரன்ஷியல் (முந்தைய பேக்கப்புக்குப் பின் மாறியதை மட்டும் எடுக்கும் இன்க்ரிமென்டல்) என்றால் ‘என்பி ஓரா இன்கர்’, குமுலேட்டிவ் (கடைசி ஃபுல்லுக்குப் பின் மாறியதை எல்லாம் எடுப்பது) என்றால் ‘என்பி ஓரா சிஇன்க்’. ஏணி அதைப் பார்த்து ‘பேக்கப் டைப்’ என்ற மாறியில் முறையே இன்க்ரிமென்டல் லெவல் 0, லெவல் 1, லெவல் 1 குமுலேட்டிவ் என்று நிரப்பும். நாலாவது படிதான் கவனிக்க வேண்டியது. மூன்று மாறியும் காலி, பேக்கப் டைப்பும் காலி என்றால் லெவல் 0 என்ற முழு பேக்கப்.

அதாவது, இன்க்ரிமென்டல் ஓடவில்லையே என்று ஒரு டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) பகல் பதினொரு மணிக்கு ஷெல்லில் இருந்து ஸ்கிரிப்ட்டைக் கையால் தட்டினால், மாறி எதுவும் இருக்காது. முழு டேட்டாபேஸும் பட்டப்பகலில் ஃபுல்லாகக் கிளம்பும். நாலாவது படியை அழித்துவிட்டு, ‘வகை தெரியவில்லை’ என்று எழுதி பூஜ்யமில்லாத எண்ணோடு வெளியேறுமாறு மாற்றுங்கள். கையால் ஓட்ட வேண்டியவர் மாறியை வைத்துவிட்டு ஓட்டட்டும்.

ஃபுல்லுக்கு லெவல் 0 என்று ஏணி எழுதுவதில் விஷயம் இருக்கிறது. ஆர்மேனில் வெறுமனே ‘பேக்கப் டேட்டாபேஸ்’ என்றாலும் அதே பிளாக்குகள்தான் வரும், ஆனால் அது இன்க்ரிமென்டலுக்குத் தாயாக இருக்க முடியாது. லெவல் 0 மட்டும்தான் தாய். ஏணியைக் கழற்றி எறிந்து சொந்தமாக எழுதுகிறவர்கள் சறுக்கும் இடம் இது. ஞாயிறன்று சாதாரண ஃபுல், திங்கள் முதல் லெவல் 1. தாய் இல்லாத லெவல் 1, டேட்டாஃபைல் உருவான நாளிலிருந்து மாறிய பிளாக்குகளை எல்லாம் அள்ளும், அதாவது கிட்டத்தட்ட முழுசும். பிழை எதுவும் வராது. திங்கட்கிழமை இன்க்ரிமென்டல் ஏன் ஃபுல் அளவுக்கு இருக்கிறது என்று யாராவது கேட்டால்தான் தெரியும்.

சரிபார்ப்பது சுலபம். ஆர்மேன் லாகில் சேனல் பெயருக்குப் பக்கத்தில் ‘ஸ்டார்ட்டிங் இன்க்ரிமென்டல் லெவல் 1 டேட்டாஃபைல் பேக்கப் செட்’ என்று இருக்கிறதா, ‘ஸ்டார்ட்டிங் ஃபுல் டேட்டாஃபைல் பேக்கப் செட்’ என்று இருக்கிறதா பாருங்கள். டேக்கை (பேக்கப்புக்கு வைக்கும் அடையாளப் பெயரை) பார்த்து முடிவுக்கு வராதீர்கள். மாதிரி ஸ்கிரிப்ட்டில் டேக் ‘லெவல் 0’ என்று நிலையாக எழுதப்பட்டிருக்கிறது. புதன்கிழமை எடுத்த டிஃபரன்ஷியலும் லிஸ்ட்டில் லெவல் 0 டேக்கோடுதான் நிற்கும். ரீஸ்டோர் நடக்கும் ராத்திரியில் இது தரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. டேக்கையும் ஏணியிலேயே நிரப்பிவிட்டால் முடிந்தது.

இன்னொன்று, ஸ்கிரிப்ட்டை ஓட்டுவது ரூட் (சர்வரின் தலைமை யூசர்). பிறகு அது ‘எஸ்யூ’ போட்டு ஆரக்கிள் யூசராக மாறுகிறது. லாகின் ஷெல்லோடு மாறுவதால் மாறிகள் எதுவும் கூட வராது. மாதிரி ஸ்கிரிப்ட் ஆர்மேன் கட்டளைகள் முழுவதையும் ஒரே சரமாகக் கட்டி, பேக்கப் டைப்பை ரூட் ஷெல்லிலேயே நிரப்பி, பிறகு அனுப்புவது இதற்காகத்தான். படிக்க அசிங்கமாக இருக்கிறதென்று ஆர்மேன் கட்டளைகளைத் தனிக் கோப்பில் பிரித்தால் வகை வழியிலேயே தொலைந்துபோகும். ஆரக்கிள் யூசரின் புரொஃபைல் கோப்பில் ‘எந்த எஸ்ஐடி வேண்டும்?’ என்று கேட்கும் மெனு வைத்திருந்தால் அங்கேயும் மாட்டும். கேள்விக்குப் பதில் சொல்ல நள்ளிரவில் அங்கே யாரும் இல்லை.

பொய்யான பூஜ்யம்

ஸ்கிரிப்ட் முடியும்போது திருப்பித் தரும் எண்ணைத்தான் நெட்பேக்கப் நம்புகிறது. 0 என்றால் வெற்றி. மாதிரி ஸ்கிரிப்ட் இதை ஒழுங்காகச் செய்கிறது, கெடுப்பது நாம். திரையிலும் லாகிலும் ஒன்றாகப் பார்க்கலாமே என்று கடைசியில் ஒரு பைப் போட்டு ‘டீ’ கட்டளையைச் சேர்த்தால், திரும்பி வருவது ஆர்மேனின் எண்ணாக இருக்காது, டீயின் எண்ணாக இருக்கும். டீ தோற்பது அபூர்வம். ஆர்மேன் முதல் வரியிலேயே விழுந்திருந்தாலும் ஸ்டேட்டஸ் 0. பாஷ் என்றால் பைப்ஃபெயில் அமைப்பை இயக்குங்கள், இல்லையென்றால் பைப்பே வேண்டாம். நெட்பேக்கப்பின் ஆக்டிவிட்டி மானிட்டரில் தாய் ஜாப் (ஸ்கிரிப்ட்டைக் கிளப்பியது) 0 என்று முடிந்து, அதன் கீழே ஒரு குழந்தை ஜாப் (தரவை அனுப்புவது) கூட இல்லையென்றால் தரவு எதுவும் போகவில்லை என்று பொருள்.

எதிர்ப்பக்கம், தோற்றால் வருவது பெரும்பாலும் ஸ்டேட்டஸ் 6. கேட்டதை பேக்கப் எடுக்க முடியவில்லை என்கிற பொத்தாம்பொதுவான எண். அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. முதலில் ஆர்மேன் லாகைத் திறந்து, ஓரா-19511-க்குக் கீழே உள்ள வரியைப் படியுங்கள். மீடியா லைப்ரரி சொன்ன காரணம் அங்கே இருக்கும். அதிலும் பிடிபடாவிட்டால் நெட்பேக்கப் லாக்ஸ் டைரக்டரியில் ‘பிபிஹெச்டிபி’, ‘டிபிகிளையன்ட்’ இரண்டையும் பாருங்கள். ஸ்கிரிப்ட்டைக் கிளப்பியதன் கதை முதலாவதில், தரவு போன கதை இரண்டாவதில். அந்தப் பெயரில் டைரக்டரிகள் இல்லாவிட்டால் லாகே எழுதப்படாது. டிபிகிளையன்ட் டைரக்டரியில் ஆரக்கிள் யூசருக்கு எழுதும் அனுமதியும் வேண்டும்.

இங்கே மாதிரி ஸ்கிரிப்ட்டின் மீது நேரடியான குறை ஒன்று. ஒவ்வொரு முறை ஓடும்போதும் முந்தைய லாகை அழித்துவிட்டுத் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை தோற்று, சனிக்கிழமை வென்றால், திங்களன்று வெள்ளியின் காரணத்தைத் தேட லாக் இருக்காது. அழிக்கும் வரிகளை எடுத்துவிட்டு, கோப்புப் பெயரில் தேதியைச் சேர்த்து, 30 நாளுக்கு மேற்பட்டதை மட்டும் நீக்குங்கள். லாகுக்கு 666 அனுமதி போடும் வரியும் இருக்கும். ஆரக்கிள் யூசருக்கு உரிமை மாற்றிக் கொடுத்தாலே போதும், ஊருக்கே திறந்துவைக்கத் தேவையில்லை.

‘ஸ்கிப் இன்அக்ஸசிபிள்’ என்ற சொல்லையும் எடுத்துவிடச் சொல்வோம். ஐ-ஓ பிழையால் படிக்க முடியாத டேட்டாஃபைலைத் தாண்டிப் போ என்று அதற்கு அர்த்தம். படிக்க முடியாத டேட்டாஃபைல் இருந்தால் அன்றிரவே தெரிய வேண்டிய செய்தி அது. பேக்கப் தோற்று மணியடிப்பதுதான் நல்லது.

இரண்டு எஜமானர்கள், ஒரு காலக்கெடு

நெட்பேக்கப்பில் புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடத்துக்கு வருவோம். பாலிசியில் ஃபுல் ஷெட்யூலுக்கு ஐந்து வாரம், இன்க்ரிமென்டல் ஷெட்யூலுக்கு இரண்டு வாரம் என்று ரிடென்ஷன் (வைத்திருக்கும் காலம்) போட்டிருப்பீர்கள். ஸ்கிரிப்ட் வழி ஓடும் ஆரக்கிள் பாலிசியில் அந்த இரண்டு எண்ணுக்கும் தரவோடு சம்பந்தமே இல்லை. ஆட்டோமேட்டிக் ஷெட்யூல் ஸ்கிரிப்ட்டைக் கிளப்புவதோடு சரி. ஆர்மேன் அனுப்பும் தரவு வந்து சேர்வது ‘டிஃபால்ட் அப்ளிகேஷன் பேக்கப்’ என்ற இன்னொரு ஷெட்யூலின் கீழ். ஆக்டிவிட்டி மானிட்டரில் குழந்தை ஜாப்கள் எல்லாம் அந்தப் பெயரில் ஓடுவதைப் பார்க்கலாம். காலக்கெடுவைத் தீர்மானிப்பது அதன் ரிடென்ஷன் மட்டுமே. ஃபுல்லும் இன்க்ரிமென்டலும் ஆர்க்கைவ் லாகும் (டேட்டாபேஸ் மாற்றங்களின் பதிவுக் கோப்பு) ஒரே தேதிக் கணக்கில் கழியும்.

அது இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறன்று எடுத்த லெவல் 0, பதினாலாம் நாள் போய்விடும். அதைச் சார்ந்த சனிக்கிழமை லெவல் 1 இன்னும் ஆறு நாள் டேப்பில் இருக்கும், தாய் இல்லாமல். இடத்தை அடைக்கும், எதற்கும் உதவாது. ‘14 நாள் பின்னால் போக முடியும்’ என்று நிர்வாகத்திடம் சொல்லியிருந்தால், உண்மையில் உறுதி தர முடிந்தது ஏறக்குறைய ஏழு நாள்தான். வாரம் ஒரு ஃபுல் எடுக்கும் இடத்தில் 14 நாள் வேண்டுமென்றால் ஃபுல் குறைந்தது 21 நாளாவது இருக்க வேண்டும். ஒரு ஞாயிறு தோற்றுப்போகலாம் என்று கணக்கில் வைத்தால் 28.

ஃபுல்லையும் இன்க்ரிமென்டலையும் பிரிக்க வழி இருக்கிறது. அப்ளிகேஷன் பேக்கப் வகையில் இரண்டாவது ஷெட்யூல் ஒன்றை உருவாக்கி அதற்குத் தனி ரிடென்ஷன் கொடுங்கள். எந்த ஆட்டோமேட்டிக் ஷெட்யூல் கூப்பிட்டது என்பது ‘என்பி ஓரா பிசி ஷெட்’ மாறியில் ஸ்கிரிப்ட்டுக்கு வரும். அதைப் பார்த்து, சேனல் திறந்தவுடன் ‘செண்ட்’ கட்டளையில் ‘என்பி ஓரா ஷெட்’ மதிப்பாகப் பொருத்தமான அப்ளிகேஷன் ஷெட்யூலின் பெயரை அனுப்ப வேண்டும். ஒவ்வொரு சேனல் தொகுதிக்கும் அனுப்ப வேண்டும். ஆர்க்கைவ் லாகுக்காகச் சேனலை மூடித் திறக்கும் இடத்தில் மறந்தால் அது டிஃபால்ட்டுக்கே போகும். அப்ளிகேஷன் ஷெட்யூலின் நேர ஜன்னலை வாரம் முழுக்க 24 மணி நேரமும் திறந்து வையுங்கள். மூடியிருந்தால் ஸ்டேட்டஸ் 199. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடும் ஆர்க்கைவ் லாக் பேக்கப் முதலில் அடிபடும்.

இதைவிடச் சுத்தமான வழி, காலக்கெடுவை ஆர்மேனிடம் ஒப்படைப்பது. ரெக்கவரி விண்டோ (எத்தனை நாள் பின்னால் போக முடிய வேண்டும் என்பது) 14 நாள் என்று ஆர்மேனில் அமைத்தால், அந்த 14 நாளுக்குத் தேவையான பழைய லெவல் 0 எதுவோ அதை ஆர்மேன் தானே விட்டுவைக்கும். நெட்பேக்கப்பால் முடியாத கணக்கு இது. தேவையற்றுப்போனதை அழிக்கும் ‘டிலீட் அப்சலீட்’ கட்டளையை ஓட்டும்போது நெட்பேக்கப் பக்கமும் இமேஜ் (சேமித்த பேக்கப்) நீங்கும். நெட்பேக்கப் ரிடென்ஷனை இரண்டு மாதம் என்று தாராளமாக வைத்துவிடலாம். ஆனால் ரெக்கவரி விண்டோவை அமைக்காமலேயே டிலீட் அப்சலீட் போடாதீர்கள். ஆர்மேனின் இயல்பு அமைப்பு ரிடன்டன்சி 1. கடைசி லெவல் 0 ஒன்றை வைத்துக்கொண்டு முந்தையதையெல்லாம் துடைத்துவிடும்.

மாதிரி ஸ்கிரிப்ட் ‘நோகேட்டலாக்’ என்று ஓடுவதும் இந்த இடத்தில் முக்கியம். தனி ரெக்கவரி கேட்டலாக் (பேக்கப் பதிவுகளை வைக்கும் இடம்) இல்லையென்றால் பேக்கப் பதிவுகள் கன்ட்ரோல் ஃபைலில் (டேட்டாபேஸின் அமைப்பைக் குறித்து வைக்கும் கோப்பில்) மட்டுமே இருக்கும். அவற்றை எத்தனை நாள் காப்பது என்ற ‘கன்ட்ரோல் ஃபைல் ரெக்கார்டு கீப் டைம்’ அளவுருவின் இயல்பு மதிப்பு 7 நாள். அதற்கு மேல் வயதான பதிவின் மீது புதிய பதிவு எழுதப்படலாம். டேப்பில் மூன்று வார பேக்கப் இருக்கும், ஆர்மேனுக்கு அது தெரியாது. இந்த அளவுருவுக்கு, ரெக்கவரி விண்டோவோடு ஃபுல்லுக்கான இடைவெளியையும் கூட்டி, மேலே ஒரு வாரம் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பேக்கப் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும் ‘கிராஸ்செக் பேக்கப்’, இல்லாதவற்றின் பதிவை நீக்கும் ‘டிலீட் எக்ஸ்பயர்டு’ இரண்டையும் ஒரே ஸ்கிரிப்ட்டில் அடுத்தடுத்த வரியாக வைக்காதீர்கள். கிளஸ்டரில் (ஒன்றாக இயங்கும் சர்வர் தொகுதியில்) வேறு நோடில் ஓடி, கிளையன்ட் பெயர் மாறியிருந்தால், நெட்பேக்கப் ‘அப்படி ஒன்றுமில்லை’ என்று சொல்லும். கிராஸ்செக் அத்தனையையும் எக்ஸ்பயர்டு என்று குறிக்கும். அடுத்த வரி பதிவுகளைத் துடைக்கும். தரவு டேப்பில் பத்திரமாகவே இருக்கும். ‘பிபிலிஸ்ட்’ கட்டளையில் வகை எண் 4 கொடுத்து பேக்கப் துண்டுகளின் பெயர்களை எடுத்து, ஒவ்வொன்றாக ஆர்மேன் பதிவில் மறுபடி ஏற்ற வேண்டும். கிளஸ்டர் என்றால் ‘என்பி ஓரா கிளையன்ட்’ மாறியில் மெய்நிகர்ப் பெயரை எப்போதும் கொடுத்துவிடுவது இதற்கு முன்மருந்து.

ஆர்க்கைவ் லாக்

மாதிரி ஸ்கிரிப்ட் டேட்டாஃபைல்களை எடுத்து, லாகை மாற்றி, ஆர்க்கைவ் லாக் அனைத்தையும் எடுத்து, எடுத்ததை உடனே அழித்து, கடைசியில் கன்ட்ரோல் ஃபைலை எடுக்கிறது. வரிசை நன்றாகவே இருக்கிறது. கடைசியாக வரும் கன்ட்ரோல் ஃபைலில் அன்றைய பேக்கப்பின் பதிவும் இருக்கும்.

உடனே அழிப்பதுதான் பிடிக்கவில்லை. ஒரே ஒரு பிரதி மீடியா சர்வருக்கு (தரவைச் சேமிக்கும் நெட்பேக்கப் சர்வருக்கு) போன கணத்தில் மூலம் போய்விடுகிறது, இரண்டாவது தளத்துக்கான டூப்ளிகேஷன் அதற்குப் பல மணி நேரம் கழித்துத்தான் நடக்கும். ‘ஒருமுறைகூட பேக்கப் ஆகாதவற்றை மட்டும் எடு’ என்று ஒரு வரி, ‘எஸ்பிடியில் ஒருமுறை பேக்கப் ஆகி, ஒரு நாளுக்கு மேல் ஆனவற்றை மட்டும் அழி’ என்று இன்னொரு வரி. இப்படிப் பிரித்தால் கடைசி நாளின் லாகுகள் டிஸ்க்கில் இருக்கும், சின்ன ரெக்கவரிக்கு டேப்பைத் தொடவே வேண்டாம். டேட்டா கார்டு (ஸ்டாண்ட்பை என்ற மாற்று டேட்டாபேஸை வைத்திருக்கும் ஆரக்கிள் வசதி) இருந்தால் ஆர்க்கைவ் லாக் அழிப்புக் கொள்கையை ‘எல்லா ஸ்டாண்ட்பையிலும் அப்ளை ஆன பிறகு’ என்று வையுங்கள். ஸ்டாண்ட்பை பின்தங்கியிருந்தால் ஆர்மேன்-08120 எச்சரிக்கையோடு லாகை விட்டுவைக்கும்.

டிஸ்க் நிரம்பிவிட்டதென்று யாராவது லாகை ஷெல்லில் நேரடியாக அழித்தால் அடுத்த பேக்கப் ஆர்மேன்-06059-இல் நிற்கும். ஆர்க்கைவ் லாக் கிராஸ்செக் ஓட்டினால் பிழை நகர்ந்துவிடும். அதோடு நிறுத்தக் கூடாது. சங்கிலியில் ஒரு கண்ணி போய்விட்டது. உடனே ஒரு லெவல் 1 எடுத்துவிடுங்கள். ரெக்கவரியில் அந்த இன்க்ரிமென்டல் இடைவெளியைத் தாண்டி உட்காரும், அங்கிருந்து முன்னால் போகலாம். இடைவெளிக்குள் இருக்கும் ஒரு நேரத்துக்குத்தான் போக முடியாது.

வேகம்

லெவல் 1 குறைவாக எழுதும், ஆனால் குறைவாகப் படிக்கும் என்று அவசியமில்லை. பிளாக் சேஞ்ச் டிராக்கிங் (மாறிய பிளாக்குகளைக் குறித்து வைக்கும் ஆரக்கிள் வசதி) இயங்காவிட்டால், எது மாறியது என்று தெரிந்துகொள்ள எல்லா பிளாக்கையும் படித்தாக வேண்டும். 1 டெராபைட் டேட்டாபேஸ், நொடிக்கு 300 எம்பி படிக்கும் ஸ்டோரேஜ் என்றால் படிக்க மட்டும் 58 நிமிடம், 5 ஜிபி மாறியிருந்தாலும் சரி. அந்த நேரத்தில் மீடியா சர்வருக்கு நீண்ட நேரம் ஒரு பைட்டும் போகாமல் இருக்கலாம். ‘கிளையன்ட் ரீட் டைம்அவுட்’டின் இயல்பு மதிப்பு 300 நொடி. அது தாண்டினால் நெட்பேக்கப் கையை விடும், ஸ்டேட்டஸ் 13 அல்லது 41. ஃபுல் தினமும் ஓடும், இன்க்ரிமென்டல் மட்டும் விழும் என்ற விசித்திரப் புகாருக்குப் பெரும்பாலும் விடை இதுதான். மீடியா சர்வரிலும் கிளையன்ட்டிலும் 1800-ஆவது வையுங்கள்.

டிராக்கிங்கை இயக்குவது அதைவிட நல்லது. ஆரக்கிள் 10ஜி பதிப்பிலிருந்து இருக்கிறது, என்டர்பிரைஸ் எடிஷனில் மட்டும். ஒரே கட்டளை, கோப்பு 10 எம்பியில் தொடங்கும். அதற்கும் ஒரு வரம்பு உண்டு. எட்டு பேக்கப்புக்கான வரைபடம்தான் வைத்திருக்கும். ஒரு லெவல் 0, பிறகு ஏழு டிஃபரன்ஷியல் ஆனால் எட்டும் நிறைந்துவிடும். அதன் பிறகு குமுலேட்டிவ் ஒன்று எடுத்தால், லெவல் 0-இன் வரைபடம் அழிந்திருக்கும், முழு டேட்டாபேஸையும் படிக்கும். வாரம் ஒரு ஃபுல், தினம் ஒரு டிஃபரன்ஷியல் என்றால் கவலையில்லை. ஒரு நாளைக்கு இரண்டு இன்க்ரிமென்டல் எடுப்பவர்களும், மாதம் ஒரு ஃபுல் எடுத்து வாரக்கடைசியில் குமுலேட்டிவ் எடுப்பவர்களும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ‘வி டாலர் பேக்கப் டேட்டாஃபைல்’ வியூவில் டிராக்கிங் பயன்பட்டதா என்று தனி நெடுவரிசையே இருக்கிறது.

ஸ்கிரிப்ட்டில் இரண்டு சேனல் இருப்பதை நாலாக்கினால் வேகம் இரட்டிக்கும் என்று நினைத்து ஏமாறுவதும் வழக்கம். நெட்பேக்கப்பில் ஒரு கிளையன்ட்டுக்கு அதிகபட்ச ஜாப் எண்ணிக்கையின் இயல்பு மதிப்பு 1. ஸ்டோரேஜ் யூனிட்டின் ஒரே நேர ஜாப் வரம்பும் அப்படித்தான். இரண்டையும் ஏற்றாவிட்டால் மற்ற சேனல்கள் வரிசையில் நின்று கொட்டாவி விடும்.

மாதிரியில் ஃபைல்ஸ்பர்செட் (ஒரு பேக்கப் செட்டில் சேரும் அதிகபட்சக் கோப்புகள்) 5. டேப்புக்கு அது பொருந்தும். டீடூப் ஸ்டோரேஜ் (ஒரே தரவை ஒருமுறை மட்டும் சேமிப்பது) என்றால் 1 ஆக்குங்கள். ஐந்து டேட்டாஃபைலின் பிளாக்குகள் ஒரே துண்டில் கலந்து வந்தால் நேற்றைய வரிசையும் இன்றைய வரிசையும் ஒத்துப்போகாது, டீடூப் விகிதம் விழும். அதே காரணத்துக்காக ஆர்மேன் கம்ப்ரெஷனும் வேண்டாம். துண்டுப் பெயர் வடிவத்தின் கடைசியில் அடிக்கோடும் சதவீதக் குறியோடு ‘டி’யும் இருப்பதைக் கலைக்காதீர்கள். அந்த நேரமுத்திரையை வைத்துத்தான் நெட்பேக்கப் தன் கேட்டலாகில் தேடுகிறது. அழகுக்காக மாற்றினால் கேட்டலாக் பெருகப் பெருக ரீஸ்டோர் தேடல் இழுக்கும்.

ஷெட்யூலில் வாரம் ஒருமுறை என்பதற்கு ஃப்ரீக்வென்சி 7 நாள் என்று போடாதீர்கள். போன முறை ஓடிய நேரத்திலிருந்து எண்ணுவதால் ஒவ்வொரு வாரமும் சற்றே தள்ளி, ஒரு வாரம் ஜன்னலுக்கு வெளியே போய்விடும். 6 நாள், தினசரிக்கு 18 மணி நேரம் என்று வைத்து, ஜன்னலால் கட்டுப்படுத்துங்கள்.

யாருக்கு எது?

நெட்பேக்கப் 7.6 பதிப்பிலிருந்து ஆரக்கிள் இன்டெலிஜென்ட் பாலிசி என்று ஒன்று இருக்கிறது. ஸ்கிரிப்ட்டே வேண்டாம், இன்ஸ்டன்ஸைத் தேர்ந்தெடுத்தால் ஆர்மேன் கட்டளைகளை நெட்பேக்கப் தானே எழுதிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் ஷெட்யூலின் ரிடென்ஷனே தரவுக்கும் பொருந்தும், ஆர்க்கைவ் லாகுக்குத் தனி ஷெட்யூல் வகை உண்டு, எத்தனை பிரதிக்குப் பிறகு அழிப்பது என்றும் குறிக்கலாம். மேலே புலம்பியதில் பாதி அங்கே எழவே எழாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையே எடுக்கலாம்.

ஸ்கிரிப்ட் தேவைப்படுவது முடிவெடுக்க வேண்டிய இடங்களில். டேட்டா கார்டில் இரு பக்கமும் ஒரே ஸ்கிரிப்ட்டை வைத்து, ‘வி டாலர் டேட்டாபேஸ்’ வியூவில் ரோலைப் பார்த்து, ஸ்டாண்ட்பையாக இருந்தால் மட்டும் ஓடி, பிரைமரியாக (முதன்மை டேட்டாபேஸாக) இருந்தால் 0-வோடு திரும்பச் செய்வது ஒன்று. (ஸ்டாண்ட்பையில் டிராக்கிங் இயக்க ஆக்டிவ் டேட்டா கார்டு உரிமம் வேண்டும்.) இரவில் மொத்தமாக ஓடும் பேட்ச் வேலை முடிந்ததா என்று பார்த்துத் தொடங்குவது இன்னொன்று. ஒரே ஒரு டேட்டாபேஸ், டிஸ்க்கில் இடம் உண்டு, டேப் இல்லை என்ற இடத்துக்கு இந்த மென்பொருளே அதிகப்படி. ஆர்மேனும், அதை நேரப்படி ஓட்ட ஒரு கிரான் வரியும் போதும்.

எதை வைத்தாலும் ரீஸ்டோரை ஒத்திகை பார்க்க மூன்று படிகள். ‘ரீஸ்டோர் டேட்டாபேஸ் ப்ரிவ்யூ’ எந்தெந்தத் துண்டுகள் தேவை என்று பட்டியல் தரும், நிமிடத்தில் முடியும், வாராவாரம் ஓட்டலாம். ‘ரீஸ்டோர் டேட்டாபேஸ் வேலிடேட்’ அவற்றில் டேட்டாஃபைல் பேக்கப்புகளை டேப்பிலிருந்து உண்மையாகவே படித்துப் பார்க்கும், எழுதாது. ஃபுல்லுக்கு ஆகும் நேரம் இதற்கும் ஆகும், மாதம் ஒருமுறை போதும். மூன்றாவது, வேறு சர்வரில் முழு ரீஸ்டோர். அதற்கு மாஸ்டர் சர்வரின் (நெட்பேக்கப்பை நடத்தும் தலைமை சர்வரின்) ‘ஆல்ட்நேம்ஸ்’ டைரக்டரியில் புதிய சர்வருக்கு அனுமதிக் கோப்பு வேண்டும், ஆர்மேனில் என்பி ஓரா கிளையன்ட் மாறியில் பழைய சர்வரின் பெயரைக் கொடுக்க வேண்டும், டேட்டாபேஸின் டிபிஐடி (அடையாள) எண் கையில் இருக்க வேண்டும். அந்த எண்ணை டேட்டாபேஸ் உயிரோடு இருக்கும்போதே எழுதி, அந்த சர்வரில் இல்லாத வேறோர் இடத்தில் வைத்துவிடுங்கள். ஆர்மேன் இணையும்போது முதல் வரியிலேயே அது தெரியும்.